கக்கத்தில் ஒரு கணு, கழுத்தில் ஒரு கணு: சரவாங்கி நோயாளி ஒருவரின் அல்ட்ராசவுண்ட் நிகழ்வு ஆய்வு

"கை வீக்கம் பழகிப்போச்சு டாக்டரம்மா. இப்ப கக்கத்துல நெறி கட்டியிருக்கே, அதுதான் ராத்திரி தூங்க விடமாட்டேங்குது" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்கினார். வயது 49. மதுரைக்கு அருகில் ஒரு கிராமத்தில் மல்லிகைப் பூ கட்டிப் பிழைப்பவர். மருத்துவத்தில் ருமட்டாய்டு மூட்டழற்சி என்றும் ஊரில் சரவாங்கி என்றும் சொல்லப்படும் நோய் அவருக்கு 8 ஆண்டுகளாக இருக்கிறது. அவருடைய ஒப்புதல் பெற்று, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன்.

நோய் வரலாறு

சரவாங்கியைக் காட்டும் ரத்தக் குறியீடுகளான ருமட்டாய்டு காரணி, சிசிபி எதிர்ப்பொருள் இரண்டும் அவருக்கு உயர்ந்த அளவில் இருந்தன. நோயெதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை 15 மி.கி., தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மி.கி., பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு 5 மி.கி. என்ற அளவில் சில ஆண்டுகள் ஓரளவு நன்றாகவே இருந்தார். கடந்த ஐந்து மாதங்களாகத்தான் நோய் மீண்டும் தலைதூக்கியது. காலை விறைப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. முன்பெல்லாம் காலை பத்து மணிக்குள் இருபது முழம் கட்டி முடித்துவிடுவாராம். இப்போது ஐந்து முழத்துக்குள்ளேயே வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நாரைப் பிடிக்க மறுத்துவிடுகின்றன என்றார். நோயின் தீவிரத்தைக் காட்டும் டி.ஏ.எஸ் 28 மதிப்பெண் 5.9 ஆக இருந்தது. ஆனால் அவருடைய கையின் நிலை அந்த எண்ணைவிட முழக் கணக்கில்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

குளிக்கும்போது வலது அக்குளில் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்டிருக்கிறது. குடும்பத்தில் அனைவருக்கும் மார்பகப் புற்றுநோய் அச்சம். வெளியில் மேமோகிராம் எடுத்ததில் மார்பகங்கள் இரண்டும் சரியாக இருந்தன. அந்தக் கட்டி ஒரு நிணநீர்க் கணு. அதில் மெல்லிய ஊசி செலுத்தி உயிரணுக்களை எடுத்துப் பார்த்ததில், அழற்சிக்கு எதிர்வினையாக வீங்கிய கணு என்று அறிக்கை வந்திருந்தது. அந்த அறிக்கையோடுதான் அவர் என்னிடம் வந்தார். அதைப் படித்ததும் எனக்கும் நிம்மதியாகிவிட்டது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூட்டின் நிலையைப் பார்த்து, டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் அடலிமுமாப் ஊசியைத் தொடங்க முடிவு செய்தேன். மறைந்திருக்கும் காசநோய்க்கான வழக்கமான பரிசோதனைகளில் மாண்டூ தோல் பரிசோதனையில் எதிர்வினை இல்லை, இக்ரா ரத்தப் பரிசோதனை எதிர்மறை, நெஞ்சு எக்ஸ்ரே தெளிவு. எல்லாக் கட்டங்களிலும் 'சரி' என்று குறித்தாகிவிட்டது.

ஆனால் அவர் நான்கு கிலோ எடை குறைந்திருந்தார். மாலை வேளைகளில் உடம்பு லேசாகக் காய்கிறது என்றும் சொன்னார். அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 78, ஹீமோகுளோபின் 9.6. தீவிரமாக எரியும் சரவாங்கி நோயில் இவை எல்லாமே காணக்கூடியவை என்பதால் அத்தனையையும் மூட்டு நோயின் கணக்கிலேயே எழுதினேன். கழுத்தையும் கையால் தடவிப் பார்த்தேன். கழுத்து விறைத்திருந்ததால் அவரால் தலையை நன்றாகத் திருப்ப முடியவில்லை. முன்கழுத்தையும் தாடைக்கு அடியையும் பார்த்த நான், பின்கழுத்துத் தசையின் ஓரத்தை ஆழ்ந்து தொட்டுப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

ஸ்கேன் செய்யத் தூண்டியது

'நெறி கட்டுதல்' என்ற சொல்லில் நம் மக்களின் அனுபவ அறிவு பொதிந்திருக்கிறது. காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். நெறி கட்டினால், அதற்குக் கீழே புண் எங்கே இருக்கிறது என்று பாட்டிமார்கள் தேடுவார்கள். நிணநீர்க் கணு ஒவ்வொன்றும் உடலின் ஒரு குறிப்பிட்ட பகுதிக்கான வடிகால் நிலையம். முன்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து வரும் நிணநீர் முழங்கையின் உட்புறக் கணுக்களின் வழியாகவோ நேராகவோ அக்குளை அடைகிறது. சரவாங்கியில் மூட்டுச் சவ்வு அழற்சியுறும்போது அதன் வடிகால் கணுவும் வீங்கும். அங்கே பி வகை வெள்ளணுக்கள் பெருகி, கணுவின் வெளிப்பகுதியான புறணி தடிக்கும். இது நெடுங்காலமாகத் திசு ஆய்வுகளில் காணப்படும் மாற்றம்தான். எனவே இந்தப் பெண்ணின் வலது அக்குள் கணுவுக்குக் கீழேயுள்ள 'புண்' வலது மணிக்கட்டுதானா என்று பார்க்க விரும்பினேன். ஊசி மருந்து தொடங்கும் முன் மூட்டுகளை எப்படியும் ஸ்கேன் செய்வது வழக்கம் என்பதால், அதே அமர்வில் கணுக்களையும் ஒவ்வொரு நிலையமாகப் பார்த்துவிட முடிவு செய்தேன்.

மூட்டையும் அதன் வடிகால் கணுவையும் சேர்த்துப் படிக்கும் இந்த எண்ணத்துக்கு ஆய்வகப் பின்னணி உண்டு. நியூயார்க் மாநிலத்திலுள்ள ராசெஸ்டர் பல்கலைக்கழகக் குழுவினர், டி.என்.எஃப். மிகுதியாகச் சுரக்குமாறு மரபணு மாற்றப்பட்ட எலிகளில், முழங்காலுக்குப் பின்னால் உள்ள கணு முதலில் விரிந்து பெரிதாவதையும் பின்னர் சுருங்கிச் சரிவதையும், அந்தச் சரிவோடு சேர்ந்து முழங்கால் மூட்டின் அழற்சி கடுமையாவதையும் கண்டனர். விரியும் கணுவையும் சரிந்த கணுவையும் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் பவர் டாப்ளர் அல்ட்ராசவுண்டால் வேறுபடுத்த முடியும் என்று 2013இல் வெளியிட்டனர். மனிதர்களிடம் இத்தாலியின் பாவியா நகரக் குழுவினர், டி.என்.எஃப். தடுப்பு மருந்து பெறும் நோயாளிகளின் மூட்டு வடிகால் கணுக்களை மருந்துக்கு முன்னும் பின்னும் பவர் டாப்ளரில் தொடர்ந்து பார்த்து 2016இல் எழுதினர். அந்த முறையைச் சிறிய அளவில் அன்றாட மருத்துவத்துக்குள் கொண்டுவருவதே என் விருப்பமாக இருந்தது.

ஸ்கேன் செய்த முறை

செய்முறையில் ஒரு சிக்கலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அக்குளை ஸ்கேன் செய்யப் பாடநூல்கள் காட்டும் நிலை, கையைத் தலைக்கு மேல் மடக்கி உள்ளங்கையைப் பிடரிக்குக் கீழே வைப்பது. தோள் மூட்டும் பழுதுபட்ட சரவாங்கி நோயாளியிடம் அப்படிக் கேட்பது அவரை வதைப்பதற்குச் சமம். வலியில் தசை இறுகிவிட்டால் படமும் கெட்டுவிடும். ஆகவே அவரைச் சாய்ந்த நிலையில் படுக்க வைத்து, கையை உடலிலிருந்து சற்றே விலக்கி, முழங்கைக்குக் கீழே இரண்டு தலையணைகளை அடுக்கினோம். அக்குளின் உச்சியைப் பின்பக்கத்திலிருந்து அணுக வேண்டியிருந்தது. நேரம் கூடுதலாக ஆனாலும் முழு அக்குளும் கிடைத்தது.

உயர் அதிர்வெண் நேர்கோட்டு ஆய்வுக்கோலைப் பயன்படுத்தினேன். ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, தோலை அழுத்தாமல், ஜெல்லின் மேல் மிதப்பதுபோல் கோலைப் பிடிக்க வேண்டும். கணுவின் நுண்குழாய்களில் ரத்தம் மிக மெதுவாக ஓடுவதால், கை சற்று அழுத்தினாலே டாப்ளர் நிறம் மறைந்துபோகும். அதைக் 'குறைந்த ரத்த ஓட்டம்' என்று தவறாக எழுதிவிட நேரும். மெதுவான ஓட்டமும் தெரியுமாறு எந்திரத்தின் துடிப்பு மறுநிகழ்வு வேகத்தைத் தாழ்வாக வைத்து, டாப்ளர் பெருக்கத்தை இரைச்சல் தெறிக்கும் வரை கூட்டி, பிறகு இரைச்சல் மறையும் வரை மட்டும் குறைத்தேன். அடுத்தடுத்த வருகைகளிலும் அதே எந்திரம், அதே அமைப்பு, முடிந்தவரை அதே நேரம் என்று கடைப்பிடித்தோம். அவ்வாறு செய்யாவிட்டால் ஒரு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

கண்டவை

வலது மணிக்கட்டில் மூட்டுச் சவ்வு தடித்து, பவர் டாப்ளரில் நிறம் நிறைந்து உச்சமான 3ஆம் நிலையில் இருந்தது. இடது மணிக்கட்டு 1ஆம் நிலை. வலது முழங்கையின் உட்புற எலும்பு முனைக்குச் சற்று மேலே 9 × 4 மி.மீ. அளவில் சிறு கணு ஒன்று இருந்தது. வலது அக்குளின் பெரிய கணு 21 × 8 மி.மீ. நீள்வட்ட வடிவம். நடுவில் ஹைலம் என்னும் வெண்மையான கொழுப்புப் பகுதி அகலமாகத் தெரிந்தது. அதைச் சுற்றிய கரிய புறணி 4.2 மி.மீ. தடித்திருந்தாலும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருந்தது. ஹைலத்திலிருந்து நுழைந்த ரத்தக் குழாய் மரம்போல் கிளைத்துப் புறணிக்குள் பரவியது. இடது அக்குளில் கணு 14 × 5 மி.மீ., புறணி 2 மி.மீ. மட்டுமே. புறணி 3 மி.மீ.க்கு மேல் தடித்தாலே மார்பகப் புற்றுநோய் நோக்கில் கணுவைச் சந்தேகத்தோடு பார்ப்பது வழக்கம்தான். ஆனால் வலது மணிக்கட்டும் வலது கணுவும், இடது மணிக்கட்டும் இடது கணுவும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்கும்போது, கீழேயுள்ள புண் எது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கடந்த வாரங்களில் அந்தக் கையில் தடுப்பூசி போட்டாரா, காயம் பட்டதா என்றும் கேட்டுக்கொண்டோம், இரண்டும் இல்லை.

பிறகு கழுத்துக்கு வந்தோம். இடது பின்கழுத்து முக்கோணத்தின் கீழ்ப்பகுதியில், தசையின் ஓரத்துக்கு அடியில், மூன்று கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பெரியது 19 × 15 மி.மீ.; ஏறக்குறைய உருண்டை. ஹைலம் இல்லை. நடுவில் டாப்ளர் நிறமே இல்லாத பகுதி ஒன்று. ஆய்வுக்கோலை மெல்ல அசைத்தபோது அதற்குள் நுண்துகள்கள் மெதுவாகப் புரண்டன. குழாய்கள் கணுவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருந்தன. கணுக்களுக்கு இடையே எல்லைக்கோடு மங்கியிருந்தது, சுற்றியுள்ள கொழுப்பும் வெளிறித் தடித்திருந்தது.

இந்தக் கணுவுக்குக் கீழே புண் எங்கே? இடது தோள் மூட்டை ஸ்கேன் செய்தேன், அமைதியாக இருந்தது. தாடை மூட்டு, தலைத்தோல், காதின் பின்புறம், தொண்டை எதிலும் காரணம் கிடைக்கவில்லை. எந்த அழற்சி மூட்டுக்கும் உறவில்லாத கணு அது. படத்தை நிறுத்தி வைத்துவிட்டு அடலிமுமாப் மருந்துச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நோய் அறிதல்

உருண்டையான, ஹைலம் இழந்த கணு என்றால் மனதில் முதலில் நிற்பவை இரண்டு: காசநோய், நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்போமா. சரவாங்கி நோயாளிகளுக்கு லிம்போமா வரும் வாய்ப்பு பொதுமக்களைவிடக் கூடுதல். 2006இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு, லிம்போமா கண்ட 378 சரவாங்கி நோயாளிகளை அதே எண்ணிக்கையிலான ஒப்பீட்டு நோயாளிகளோடு வைத்துப் பார்த்து, அழற்சி பல ஆண்டுகள் தணியாமல் எரிந்தவர்களிடமே அபாயம் மிகப் பெரிது என்று காட்டியது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களிடம் எப்ஸ்டீன்-பார் வைரஸோடு தொடர்புடைய நிணத்திசுப் பெருக்கம் தோன்றி, மருந்தை நிறுத்தியதும் சிலரிடம் தானே வடிந்துபோவதும் 1990களின் தொடக்கம் முதல் அறியப்பட்டது. இன்னொரு பக்கம், ஒட்டிக் கிடக்கும் பின்கழுத்துக் கணுக்களும் நடுவில் அழுகலும் காசநோயின் பழைய கைவரிசை. நம் ஊரில் கண்டமாலை என்று பெயர் வைத்ததே அந்த வரிசையைப் பார்த்துத்தான். மாண்டூவும் இக்ராவும் எதிர்மறையாக வந்ததை இங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் எடுக்கும், அழற்சி உச்சத்தில் இருக்கும் உடலில் அந்தப் பரிசோதனைகள் ஊமையாகிவிடக்கூடும்.

திசு எடுக்கும் வரை ஸ்டீராய்டைக் கூட்டக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். கையின் வலி கடுமையாக இருந்ததால் அது எளிதான முடிவாக இல்லை. ஆனால் லிம்போமாவாக இருந்தால் ஸ்டீராய்டு அதன் உருவத்தைக் கலைத்து நோயறிதலையே தடுத்துவிடும். அல்ட்ராசவுண்ட் வழிகாட்டலில், கணுவின் அழுகிய நடுப்பகுதியைத் தவிர்த்து அதன் சுவரிலிருந்து தடித்த ஊசியால் திசுத் துண்டுகளையும், நடுவிலிருந்து நீரையும் எடுத்தோம். சுவரில் பாலாடைக்கட்டி போன்ற அழுகலோடு கூடிய கிரானுலோமாக்கள் என்னும் அழற்சி உயிரணுத் திரள்கள் இருந்தன. கிருமிச் சாயப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. நீரில் செய்த சிபிநாட் மரபணுப் பரிசோதனை காசநோய்க் கிருமி இருப்பதையும், அது ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுவதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிட்டது.

முதலில் வந்த ஊசி அறிக்கையில் பிழை ஏதும் இல்லை. அக்குள் கணு எதிர்வினைக் கணுதான். ஒரு கணுவுக்கு எழுதிய அறிக்கையை உடலின் எல்லாக் கணுக்களுக்கும் பொருத்திப் படித்ததுதான் என்னுடைய தவறு. அடலிமுமாப் அன்று தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த இன்ஃப்ளிக்சிமாப் புழக்கத்துக்கு வந்த பிறகு 2001இல் தொகுக்கப்பட்ட 70 காசநோய் நிகழ்வுகளில் 40 நுரையீரலுக்கு வெளியே தோன்றியவை. அவற்றில் 17 உடலெங்கும் பரவியவை, 11 நிணநீர்க் கணுக்களில் இருந்தவை. கிருமியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்து வைக்க டி.என்.எஃப். தேவை. அதைத் தடுத்தால் சுவர் இடிந்துவிடும்.

சிகிச்சையும் இரண்டு கணுக்களின் போக்கும்

முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகள் என்ற அரசுத் திட்டப்படி தினசரி காசநோய்ச் சிகிச்சை தொடங்கியது. கல்லீரலைக் கருதி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினோம். ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி பிரெட்னிசோலோனை விரைவில் சிதைத்துவிடும். பழைய 5 மி.கி.யில் பெரும்பகுதி வீணாகிப்போகும் என்பதால் 10 மி.கி.யாக உயர்த்தினோம்.

நான்காவது வாரத்தில் கழுத்துக் கணு 24 × 19 மி.மீ. ஆகப் பெருத்தது. அவருடைய மகன் பதறிப்போய், "மாத்திரை கேக்கலையா மேடம்?" என்று கேட்டார். சிகிச்சை பலித்து வரும்போதே உடலின் எதிர்ப்பு மீண்டெழுந்து கணு தற்காலிகமாக வீங்குவதுண்டு. சீழை ஊசியால் எடுத்து வளர்ப்புக்கு அனுப்பினோம், கிருமி வளரவில்லை. எடையும் கூடத் தொடங்கியிருந்தது, மாலைக் காய்ச்சல் நின்றிருந்தது. மருந்தை மாற்றவில்லை.

இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி மூன்றாம் மாதம்தான். கழுத்துக் கணு 12 × 7 மி.மீ. ஆகச் சுருங்கியிருந்தது. அதே நாளில் வலது அக்குள் கணு 25 × 11 மி.மீ. ஆக வளர்ந்து, புறணி 5 மி.மீ.யைத் தொட்டது. ஒரே உடலில், ஒரே மருந்தின் கீழ், ஒன்று இறங்க மற்றொன்று ஏறியது. காசநோய் அக்குளுக்கும் பரவிவிட்டதா, உடனே அதையும் வெட்டி எடுக்க வேண்டாமா என்று உடன் பணிபுரியும் மருத்துவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மெத்தோட்ரெக்சேட் இல்லாத மூன்று மாதங்களில் வலது மணிக்கட்டின் டாப்ளர் மீண்டும் உச்சத்தில் இருந்தது, விரல் முட்டிகளும் வீங்கியிருந்தன. அக்குள் கணுவில் ஹைலம் அகலமாக அப்படியே இருந்தது, புறணி சீராகவே தடித்திருந்தது, குழாய் மரம் முன்பைவிட அடர்ந்திருந்தது. மெத்தோட்ரெக்சேட்டால் வரும் நிணத்திசுப் பெருக்கமாக இருந்தால் மருந்தை நிறுத்திய பிறகு வளர்வதைவிட வடிவதற்கே வாய்ப்பு அதிகம். மூட்டுக்குச் சிகிச்சை கொடுத்து ஆறு வாரம் பார்ப்பது, புறணி குறையாவிட்டால் கணுவை முழுதாக எடுப்பது என்று தேதி குறித்து எழுதி வைத்தோம். தேதி குறிக்காமல் 'கவனித்துப் பார்ப்போம்' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

காசநோய் மருத்துவரோடு கலந்து, கல்லீரல் நொதிகள் இயல்பாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, மெத்தோட்ரெக்சேட்டை வாரம் 7.5 மி.கி.யிலிருந்து மீண்டும் தொடங்கினோம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தோம். ஆறாவது வாரம் அக்குள் கணுவின் புறணி 3.4 மி.மீ. மணிக்கட்டின் டாப்ளர் 2ஆம் நிலை. கணுவை எடுக்கும் அறுவை தேவைப்படவில்லை.

காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதத்தில் நிறைவுற்றது. எட்டாம் மாதப் பதிவில் வலது அக்குள் கணு 16 × 6 மி.மீ., புறணி 2.6 மி.மீ.; மரமாகக் கிளைத்திருந்த ஓட்டத்தில் ஹைலத்துக்குள் ஒரே ஒரு குழாய் மட்டும் எஞ்சியிருந்தது. மணிக்கட்டு 1ஆம் நிலை. கழுத்தில் 8 × 4 மி.மீ. கணு ஒன்று, நடுவில் வெண்மையான சுண்ணாம்புப் புள்ளியோடு இருக்கிறது. அதன் இடத்தைத் தோலில் மையால் குறித்து, ஆய்வுக்கோலின் திசையோடு புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த முறை வேறொருவர் ஸ்கேன் செய்தாலும் அதே கணுவைத்தான் அளக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்சேட் இப்போது மீண்டும் 15 மி.கி. டி.ஏ.எஸ் 28 மதிப்பெண் 2.9. அடலிமுமாப் போன்ற உயிரியல் ஊசிக்கு இப்போதைக்குத் தேவை எழவில்லை. எழுந்தால் டி.என்.எஃப். தடுப்பைத் தவிர்த்து வேறு வகையைத் தேர்வது என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். சென்ற வருகையின்போது காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "மணியெல்லாம் பாக்கலை டாக்டரம்மா, பதினைஞ்சு முழம் ஆச்சு" என்றார்.